வெட்சூட்டா, டிரைசூட்டா?

அமெரிக்காவின் யூட்டாவில், ஜயான் தேசியப் பூங்காவின் ‘சப்வே’ பள்ளத்தாக்கில் மேலிருந்து கயிறு கட்டி இறங்க அக்டோபரில் போகிறோம். பெர்மிட் கட்டாயம். மேலூர்க் கிணற்றில் குதித்து வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்றால் மார்கழிக் காலைக் குளியல்தான். அங்கோ வெயில் எட்டாத பாறை இடுக்கில் நீந்த வேண்டும்.

அந்தக் குளிரைத் தாங்கப் போடும் உடை இரண்டு வகை. வெட்சூட் உடம்போடு இறுக்கமாக ஒட்டும் ரப்பர் உடை, தண்ணீரைத் தடுக்காது, உள்ளே புகுந்த கொஞ்சத்தை உடம்புச் சூடே வெதுவெதுப்பாக்கிவிடும், கிழிந்தாலும் ஓரளவு காப்பாற்றும், மிதக்கவும் வைக்கும். டிரைசூட்டுக்குள் தண்ணீரே வராது, ஆனால் சூடு வேண்டுமென்றால் உள்ளே தனியாகக் கம்பளி போடணும், விலையும் எங்கேயோ இருக்கிறது, மணற்பாறை உரசி ஓட்டை விழுந்தால் போச்சு. மணிக்கணக்காகத் தண்ணீரிலேயே கிடப்பதென்றால் சரி, அதுதான். எங்கள் வழியில் நடைதான் அதிகம், அதனால் வெட்சூட்.

மே மாதம் மொட்டைமாடியில் தம்பி போட்டுப் பார்த்தான். முழங்காலோடு நின்றுவிட்டது. அப்புறம் பாதத்தில் பாலிதீன் பையை மாட்டி நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. அதற்குள் வியர்வையிலேயே குளித்துவிட்டான்.

எதைப் போட்டாலும் வானிலை பார்க்காமல் இறங்கக் கூடாது. மதுரையில் சொட்டு மழை இல்லாமலே வைகையில் வெள்ளம் வரும் அல்லவா, அங்கும் அப்படித்தான், ஆனால் ஒதுங்கக் கரை இருக்காது.