செனித் சிஎச் 750: வீட்டிலேயே பூட்டும் விமானம்

பரந்தனில் லாண்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு மெசின்) மோட்டார் சைக்கிளும் திருத்துகிற கராஜ் வைத்திருக்கிறேன். கனடாவில் மச்சான் வீட்டில் மூன்று மாதம் நின்றபோது, அவர் பூட்டிக்கொண்டிருந்த செனித் சிஎச் 750 கிட்டில், அதாவது பாகம் பாகமாக வந்து நாமே பூட்டுகிற சின்ன விமானத்தில், நானும் வேலை செய்தேன். ஊருக்கு வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது, "உண்மையா வீட்டில வச்சு பிளேன் செய்யலாமோ?" செய்யலாம். தகர வேலை தெரிந்த கைக்குப் பிடிபடும், அவசரக்காரருக்குச் சரிவராது.

6061-டி6 என்கிற அலுமினியக் கலவைத் தகடுகள் வெட்டி, வளைத்து, துளையும் போட்டு வருகின்றன. துளைக்குத் துளை பொருந்தினால் பாகம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். கிளீக்கோ என்கிற ஸ்பிரிங் ஊசியால் தகடுகளைக் கவ்வவைத்து, திரும்பக் கழற்றி, ஒவ்வொரு துளை விளிம்பிலும் நீட்டி நிற்கிற பிசிறு எடுத்து, பிறகுதான் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஆணியான ரிவிட். ஒரு பக்கத்தில் நின்றே இழுத்து அடிக்கிற ரிவிட் என்பதால் தனி ஆளே போதும். நாட்களை விழுங்குவது பிசிறு எடுக்கிற வேலைதான், ஆனாலும் அதை விடக்கூடாது, பிசிறு நின்றால் தகடுகள் ஒட்டி உட்காராது, அந்த இடத்திலிருந்தே வெடிப்பு ஓடும். நான் ரிவிட் அடித்துப் பழகிய இரண்டு துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். முதலாவதில் ரிவிட் தலைக்கு அடியில் நகம் போகும், மற்றதில் வழுக்கும். கடைப் பொடியள் ஸ்குரூட்ரைவரால் நெம்பியும் அது அசையவில்லை.

மச்சான் எடுத்த என்ஜின் 100 குதிரைவலு ரொட்டாக்ஸ் 912. நாலு சிலிண்டர், சூடு தணிக்கத் தலைக்குத் தண்ணீர், உடலுக்குக் காற்று, 95 ஒக்டேன் பெற்றோலே போதும். நிமிடத்துக்கு 5800 சுற்று வரை போகிற என்ஜினை கியர்பொக்ஸ் 2.43க்கு 1 எனக் குறைத்து முன்னால் சுழல்கிற விசிறிக்குக் கொடுக்கிறது. எனக்குக் கண்ணுக்குள் நிற்பது இதுதான். ஆனால் என்ஜின், விசிறி, மீட்டர்கள், பெயின்ற் எல்லாம் கிட் விலைக்கு வெளியே, அதை முதலே கணக்குப் பாருங்கள்.

இறக்கையின் முன்விளிம்பில் நிரந்தரமாக ஒரு குட்டி இறக்கை இருக்கிறது. அதனால்தான் 100 அடி ஓடினாலே எழும்பும் என்று கொம்பனி சொல்கிறது, ஒரு வயல் துண்டே காணும். வேகம் மணிக்கு 160 கிலோமீற்றர் அளவுதான்.

பறப்பைப் பற்றி நான் சொல்ல முடியாது, இறக்கை பூட்டுமுன் திரும்பிவிட்டேன். ஆசை உள்ளவர்கள் முதலில் சுக்கான் (வாலில் நின்று திசை திருப்புகிற பலகை) கிட்டை மட்டும் வாங்கிப் பாருங்கள், தனியாகத் தருகிறார்கள். மச்சானுடைய சுக்கானில் பாதி ரிவிட் நான் அடித்தது. விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவன் நான், அது எழும்பும் நாளில் கீழே நின்று பார்க்க வேண்டும் என்று இப்போதே காசு சேர்க்கிறேன்.