எழும்பூர் வெண்கலமா, கண்ணகி நகர் சுவரா?

கலையைப் பார்த்து மனதில் பட்டதை எழுத வேண்டிய மாணவருக்குச் சென்னையில் இரண்டு அருமையான இடங்கள்: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம், 2020-இல் சுவரோவியங்கள் எழுந்த கண்ணகி நகர்.

எழும்பூரில் அவசரமில்லை. திருவாலங்காட்டு நடராசர் முன் 20 நிமிடம் நில்லுங்கள். முதல் 5 நிமிடம் பார்க்க மட்டும். பிறகு தூக்கிய கால், காலடியில் மிதிபடும் அசுரன் முயலகன், பீடம் என்று பென்சிலால் வரையுங்கள். வரைந்தால்தான் கண் ஓரிடத்தில் நிலைக்கும். விவரப் பலகையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் அதன் வரிகளே நோட்டில் ஏறிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான். சோழர் கால உற்சவர் சிலைகளின் பீடத்தில் கழி செருகும் துளைகளைத் தேடுங்கள். பட்டும் பூவுமாக வீதியுலா போக வார்த்த உருவங்கள் இங்கே அலங்காரமின்றி, அசையாமல் நிற்கின்றன. அது உறுத்துகிறதா? அதையே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

கண்ணகி நகர் நகரத்தின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம். ஓவியம் மாடிக்கட்டட உயரத்துக்கு இருப்பதால் முதலில் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பாருங்கள், பிறகு அருகில். சன்னல், குழாய், துணிக்கொடி எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். அவற்றை விட்டு வண்ணத்தை மட்டும் எழுதினால் குறிப்பு பாதிதான். வெயிலும் மழையும் சாயத்தை மங்கச் செய்யும், ஆகவே பார்த்த தேதியைக் குறியுங்கள். ஆட்களைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

முதல் குறிப்புக்கு எழும்பூரே ஏற்றது. கண்ணகி நகருக்கு அடுத்ததாகப் போங்கள், அங்கே வசிப்பவரிடம் பேச நேரம் ஒதுக்கிக்கொண்டு.