லாட்ஜ் கவுன்டரில் எதை நீட்டுவது? ஆதார் ஜெராக்ஸ், மாஸ்க்டு ஆதார், விஐடி, வாக்காளர் அட்டை

திருச்செந்தூரோ கொடைக்கானலோ, ரூம் கேட்டுப் போனால் முதல் கேள்வி "ஆதார் இருக்கா சார்?" என்பதுதான். ஜெராக்ஸ் இல்லை என்றால் "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல போட்டோ போட்டுடுங்க" என்பார்கள், நாமும் இரண்டு பக்கத்தையும் எடுத்து அனுப்பிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறிவிடுவோம். பல இடங்களில் அது ரிசப்ஷனில் இருப்பவரின் சொந்த நம்பர். அவர் வேலையை விட்டுப் போனால் நம் ஆதாரும் அவரோடு போகும்.

லாட்ஜ்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தங்கியவர் யார் என்று போலீஸ் கேட்டால் காட்ட அவர்களுக்கு ஓர் அடையாளச் சான்று வேண்டும், நியாயம்தான். அது ஆதாராகவே இருக்க வேண்டும் என்பதுதான் நாமாகப் பழகிக்கொண்டது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே ரத்து செய்துவிட்டது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நாமே விரும்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் முழு ஜெராக்ஸ். எல்லோரும் கொடுப்பது இது, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காததும் இதுதான். 12 இலக்க எண், பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் ஒரே தாளில் போய்விடுகின்றன. வாங்குகிறவருக்காவது பயன் உண்டா என்றால் அதுவும் இல்லை, போட்டோவை மாற்றி ஒட்டி ஜெராக்ஸ் எடுத்தால் கவுன்டரில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எண் வெளியே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் எண்ணை வைத்துப் பணம் எடுக்க முடியாது, உண்மை. ஆனால் கிராமங்களில் வங்கி முகவர்கள் கையில் வைத்திருக்கும் மெஷினில் ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் இருந்தால் பணம் வந்துவிடும், ஓடிபியும் கிடையாது பின் நம்பரும் கிடையாது. 2023இல் பெங்களூருவில் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையைப் பிரதியெடுத்து இப்படிப் பணம் எடுத்ததாகப் புகார்கள் வந்தன. கைரேகை பத்திரத்திலிருந்து போகிறது, எண்ணை நாமே ஊர் ஊராகக் கொடுத்துவைக்கிறோம். ஏடிஎம் கார்டு போனால் வேறு கார்டு வாங்கலாம். ஆதார் எண் சாகும்வரை அதேதான்.

இதை ஆதார் ஆணையமே ஒருமுறை சொன்னது. 2022 மே மாதம் அதன் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், எண்ணின் பெரும்பகுதியை மறைத்த மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்ற செய்தி பரவிய அளவுக்கு, மாஸ்க்டு ஆதார் என்று ஒன்று இருக்கிற செய்தி பரவவே இல்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான்.

சரி, மாஸ்க்டு ஆதார். முதல் எட்டு இலக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் எக்ஸ் என்று இருக்கும், கடைசி நான்கு மட்டும் தெரியும். ஆணையத்தின் தளத்தில் ஓடிபி கொடுத்து இலவசமாக இறக்கலாம். இறக்கும் பக்கத்தில் 'மாஸ்க்டு ஆதார் வேண்டுமா' என்று ஒரு சின்னக் கட்டம் வரும், அதை டிக் செய்ய வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் முழு எண்ணோடுதான் வரும், பிரின்ட் எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். அதாவது உங்களைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம், அதனால் பிரவுசிங் சென்டரில் இறக்கினால் டவுன்லோட்ஸ் போல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிட்டு எழுந்து வாருங்கள். குறையும் உண்டு: பிறந்த தேதியும் முகவரியும் மறையாது, கியூஆர் கோடை ஸ்கேன் செய்தாலும் அவை வரும். "நம்பர் முழுசா தெரியலையே" என்று திருப்பிக் கொடுக்கும் கவுன்டர்களும் உண்டு. ஆணையமே தருகிற செல்லுபடியாகும் ஆவணம் இது என்று பொறுமையாகச் சொல்லிப் பார்க்கலாம்.

அடுத்தது விஐடி, அதாவது ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் விர்ச்சுவல் ஐடி. கோட்பாட்டளவில் இது மாஸ்க்டு ஆதாரைவிடப் பலமானது. 2018இல் வந்த 16 இலக்கத் தற்காலிக எண் அது. அதை வைத்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது, புதிதாக ஒன்று எடுத்தால் பழையது செத்துவிடும். பதிவு செய்த மொபைலிலிருந்து ஜிவிஐடி என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்களைச் சேர்த்து 1947க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் வரும். ஆனால் லாட்ஜில் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஓடிபியோ கைரேகையோ வைத்துச் சரிபார்க்கும் வங்கி, சிம் கடை போன்ற இடங்களுக்குத்தான் இது. சிம் கடை என்றதும் ஒன்று: "சரியா விழல, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி வாங்கும் இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் ஓடத் தொடங்கிய மோசடிகள் நடந்திருக்கின்றன. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

லாட்ஜுக்கு என் தேர்வு வாக்காளர் அட்டை. அதிலுள்ள பெயர், தந்தை பெயர் எல்லாம் ஏற்கெனவே வாக்காளர் பட்டியலில் யாரும் பார்க்கும்படி கிடக்கின்றன, அந்த எண்ணுக்கும் நம் வங்கிக் கணக்குக்கும் தொடர்பும் இல்லை. ஓட்டுநர் உரிமம் அடுத்தது. பான் கார்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதில் முகவரியும் இல்லை, அடுத்தவர் பெயரில் கடன் வாங்குகிற கூட்டம் முதலில் தேடுவதும் அதைத்தான். எதைக் கொடுத்தாலும் நகலின் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே படும்படி, எந்த லாட்ஜ், என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் மடித்து மறைத்து மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடலாம்.

ஏற்கெனவே பத்து இடத்தில் முழு ஜெராக்ஸ் கொடுத்தாயிற்றே என்பவர்கள் பயோமெட்ரிக் லாக் போட்டுவிடுங்கள், அதாவது கைரேகை வைத்து ஆதாரைச் சரிபார்ப்பதையே பூட்டிவிடுங்கள். எண்ணும் ரேகைப் பிரதியும் சேர்ந்து யார் கையில் இருந்தாலும் அந்த வங்கி முகவர் மெஷின் ஏற்காது. ஆனால் வீட்டில் ரேஷன் வாங்கப் போகிறவரின் ஆதாரைப் பூட்டினால் ரேஷன் கடை மெஷினிலும் ரேகை விழாது. அவரே ஆதார் செயலியில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். வாங்கப் போவது அப்பாவோ அம்மாவோ என்றால், எப்படித் திறப்பது என்று அவர்கள் போனிலேயே செய்து காட்டிவிட்டு அப்புறம் பூட்டுங்கள்.