கோட்வார்ஸ்: எட்டு மாதம் கணக்குப் போட்ட பிறகு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் பேக்கிங் லிஸ்ட் போடுவது என் வேலை. எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எத்தனை பீஸ், எடை எவ்வளவு என்று பதினோரு வருடமாக எக்ஸெலிலேயே குடித்தனம். போன வருடம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்து, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 18,000 ரூபாய் கட்டி மூன்று மாதம் போனேன். பெயர் வேண்டாம், விடுங்கள். அர்ரே (மதிப்புகளை வரிசையாக அடுக்கிய பட்டியல்) மேல் வேலை செய்யும் மெத்தட் அத்தனையையும் ஒரே சாயங்காலத்தில் ஸ்லைடு போட்டுக் காட்டி முடித்துவிட்டார்கள். மேப், ஃபில்டர், ரெட்யூஸ் எல்லாம் என் நோட்டில் அழகான கையெழுத்தில் இருக்கின்றன. ஆனால் பத்து எண்ணைக் கொடுத்து இதில் பெரியது எது என்று ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் கட்டளைத் தொகுப்பு) எழுதச் சொன்னால் கை ஓடாது.

கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கும் அக்கா மகன்தான் வழி காட்டினான். "சித்தி, அந்த நோட்டை மூடி வைங்க. கோட்வார்ஸ்ல தினம் ரெண்டு கணக்குப் போடுங்க. விடையத் தேடிப் பாக்க மட்டும் கூடாது, சரிங்களா?" என்றான். பாதி நாள் ஒன்றுதான் முடிந்தது என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

கோட்வார்ஸ் 2012-இல் தொடங்கிய, புரோகிராம் கணக்குகள் போட்டுப் பழகும் இணையதளம். கராத்தேயில் வரிசையாக வகுத்துவைத்த அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவதற்குக் காட்டா என்று பெயர். இங்கே ஒவ்வொரு கணக்கும் ஒரு காட்டா. தரவரிசைக்குப் பெயர் கியூ. எட்டாம் கியூவில் ஆரம்பித்து ஒன்றை நோக்கி இறங்க வேண்டும், அதாவது எண் குறையக் குறையக் கணக்கு கடினமாகும். தளத்தில் பெயரைப் பதியும்போதே சின்னதாக ஒரு புரோகிராம் கோடைச் சரிசெய்து காட்டிய பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். திரையில் ஒரு பக்கம் கேள்வி, இன்னொரு பக்கம் எழுதும் இடம், கீழே மாதிரிச் சோதனைகள். நான் இதுவரை ஒரு பைசா கட்டவில்லை.

பாடம் நடத்தும் இடம் இல்லை இது. லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அது தெரியாமல் போனால் முதல் நாளே கசந்துவிடும். எனக்கு அந்த 18,000 ரூபாய் இந்த இடத்தில்தான் கொஞ்சம் உதவியது.

ஏழாம் கியூவில் ஒரு கணக்கு. எண்களை இடைவெளி விட்டு ஒரே ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) தருவார்கள், அதில் பெரியதையும் சிறியதையும் சொல்ல வேண்டும். மாதிரியில் இருந்த வரிசை: 8 3 -5 42 -1 0 0 -9 4 7 4 -4. விடை 42, -9. இடைவெளியில் ஸ்ப்ளிட் செய்து (பிரித்து), சார்ட் போட்டு (வரிசைப்படுத்தி), முதலும் கடைசியும் எடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். வந்த விடை 8, -1. ஸ்ப்ளிட் செய்தால் வருவது எண் இல்லையே, எழுத்துதானே என்று மண்டையில் தட்டிக்கொண்டு எல்லாவற்றையும் எண்ணாக மாற்றினேன். மறுபடியும் 8, -1.

அரை மணி நேரம் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: ஜாவாஸ்கிரிப்டின் சார்ட், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எண்களைக்கூட எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடும். 42-இன் முதல் எழுத்து 4. எட்டைவிடச் சின்னது, ஆகவே முன்னால் போய்விடும். இரண்டு எண்ணையும் கழித்துப் பார் என்று ஒரு சின்ன ஃபங்ஷனை அதன் கையில் கொடுத்தால்தான் ஒழுங்காக அடுக்கும். (இந்தக் கணக்குக்கு சார்ட்டே தேவையில்லை, பெரியதையும் சிறியதையும் நேராகவே சொல்லும் மேத்.மேக்ஸும் மேத்.மின்னும் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது.) பெட்டி நம்பர்கள் டெக்ஸ்டாகப் பதிவாகிவிட்டால் எக்ஸெலில் 1, 10, 11, 2 என்று அடுக்கிக்கொண்டு நிற்குமே, அதே நோய். வருடக்கணக்காகத் திட்டிய வியாதிக்கு அன்று ராத்திரி பத்தரை மணிக்குக் காரணம் தெரிந்தது.

இந்தத் தளத்தின் உண்மையான சரக்கு, கணக்கு முடிந்த பிறகு திறக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. அதே கணக்கை மற்றவர்கள் எப்படிப் போட்டார்கள் என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொரு விடைக்கும் இரண்டு விதமான ஓட்டு: பெஸ்ட் பிராக்டிசஸ், கிளெவர். இந்த இரண்டும் வேறு வேறு என்று பிரித்து வைத்தவருக்கு ஒரு கும்பிடு.

ஆறாம் கியூவில் பலரும் போட்டிருக்கும் கணக்கு ஒன்று. ஒரு அர்ரே முழுக்க எண்கள். ஒரே ஓர் எண் மட்டும் ஒற்றைப்படைத் தடவை வந்திருக்கும், மற்றதெல்லாம் இரட்டைப்படைத் தடவை. அந்த ஒன்று எது? 20, 1, 1, 2, 2, 20, 5 என்றால் விடை 5. நான் ஒரு ஆப்ஜெக்ட்டில் (சாவியும் அதற்கான மதிப்புமாக வைக்கும் பெட்டகம்) எண்ணை எழுதி, பக்கத்தில் எத்தனை தடவை என்று கணக்கு வைத்து, பதினான்கு வரியில் முடித்தேன். சோதனையில் சிவப்பு. எதிர்பார்த்தது 5, வந்தது '5'. அந்த இரண்டு மேற்கோள் குறிகளைக் கவனிக்காமல் "சரியாத்தானே இருக்கு" என்று திரையோடு சண்டை போட்டேன். ஆப்ஜெக்ட்டில் சாவியாக வைத்த எண் எழுத்தாக மாறிவிடும்; வெளியே எடுக்கும்போது நாம்தான் மறுபடி எண்ணாக்க வேண்டும். மேப் என்ற பெயரிலேயே இன்னொரு பெட்டகம் உண்டு, அதில் வைத்தால் எண் எண்ணாகவே இருக்கும்.

அப்புறம் மற்றவர்களின் விடையைத் திறந்தேன். ஒரே வரி! ரெட்யூஸ் போட்டு (பட்டியலை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே விடையாக்குவது), எல்லா எண்ணையும் எக்ஸ்-ஆர் (இரும இலக்கங்கள் வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான். புரிந்துகொள்ள ஒரு காகிதம் தேவைப்பட்டது. வரிசையாக ஒரு சுவிட்ச் போர்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 என்பது இரும எண்ணில் 101, அதாவது முதல் சுவிட்சையும் மூன்றாவது சுவிட்சையும் தட்டு என்று அர்த்தம். அதே 5 மறுபடி வந்தால் அதே இரண்டு சுவிட்சையும் தட்டுவோம், விளக்கு பழைய நிலைக்கே போய்விடும். இரட்டைப்படைத் தடவை வந்த எண்கள் எல்லாம் தங்களைத் தாங்களே அணைத்துக்கொள்கின்றன. எந்த வரிசையில் வந்தாலும் கவலையில்லை. கடைசியில் எரிந்துகொண்டிருப்பது எதுவோ அதுதான் விடை.

என் பதினான்கு வரியைப் பார்க்க வெட்கமாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அலுவலகத்தில் எனக்கு உதவுவது அந்தப் பதினான்கு வரிதான். எந்த சைஸ் எத்தனை தடவை என்ற எண்ணிக்கை எக்ஸ்-ஆரிடம் கிடைக்காது. புதிதாக வருபவர்கள் அந்த ஒருவரி விடைகளைப் பார்த்து மனம் உடைந்துபோகாமல் இருந்தால் சரி.

எண் கணக்குகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கு என்று ஒன்று வரும்: 942 என்றால் 15, பிறகு 6. பிறந்த தேதியைக் கூட்டி எண் ஜோசியம் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். அதில் லூப்புக்குள் எண்ணைக் குறைக்க மறந்து, 12,000 மில்லிசெகண்ட் ஆகிவிட்டது என்று வெளியே தள்ளப்பட்டேன். பன்னிரண்டு விநாடிதான் கெடு.

ஸ்ட்ரிங் கணக்குகளில் தமிழர்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. வார்த்தையைத் திருப்பிப் போடு என்றால் ஸ்ப்ளிட், ரிவர்ஸ், ஜாயின் (பிரி, திருப்பு, சேர்) என்று மூன்று சொல்லில் முடித்துவிடலாம். ஆங்கில எழுத்துக்குச் சரி. விளையாட்டாக என் லேப்டாப்பில் 'அம்மா' என்று கொடுத்துப் பார்த்தேன். திரும்பி வந்தது, முன்னால் ஒட்ட எழுத்தில்லாமல் தனியாக நிற்கும் ஒரு துணைக்கால், அதற்குப் பின்னால் 'ம்மஅ'. நீளம் கேட்டால் 5 என்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லும். கணினிக்கு மெய்யின் புள்ளியும் துணைக்காலும் தனித்தனி அலகு: அ, ம, புள்ளி, ம, கால். 'கொ' இன்னும் மோசம். ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆனால் நீளம் ஒன்றில் 2, மற்றதில் 3. இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். இரண்டையும் ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ் போட்டபின்தான் ஒத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்தும் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. செக்மென்டர் என்று பெயர். 2024-இலிருந்து முக்கியமான பிரௌசர்கள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. அதைக் கொண்டு பிரித்தால் அ, ம், மா என்று நாம் எண்ணுகிற மாதிரியே எண்ணும். நான் போட்ட கணக்கு எதிலும் இது வரவில்லை. அங்கே உயிரெழுத்து என்றால் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்துதான். ஆனால் ஒரு தமிழ்ப் பெயர்ப் பட்டியலில் கை வைத்தால் முதல் நாளே இது தேவைப்படும்.

யாருக்கு ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். போனில் போடலாம் என்று நினைக்காதீர்கள்; அடைப்புக்குறி தட்டியே விரல் ஓய்ந்துவிடும். கேள்விகள் ஆங்கிலத்தில்தான், அதிலும் சில காட்டாக்கள் கதை சொல்லிவிட்டுத்தான் கணக்குக்கு வரும். எனக்கு மூன்று முறை படித்தால் புரிகிறது. வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கும் இது நேர்வழி இல்லை. இங்கே பட்டனும் கலரும் கிடையாது, அர்ரேயும் ஸ்ட்ரிங்கும் எண்ணும்தான். ஐந்துக்கு நாலரை தருவேன்.

இப்போது நான்காம் கியூவில் நத்தை என்ற கணக்கில் நிற்கிறேன். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் 1 முதல் 9 வரை எழுதி, வெளி ஓரத்தில் தொடங்கி முறுக்குச் சுற்றுவதுபோல் உள்ளே வர வேண்டும்: 1, 2, 3, 6, 9, 8, 7, 4, 5. கையால் சுற்றினால் ஐந்து விநாடி. கோடாக எழுத இது மூன்றாவது ராத்திரி. மூலை திரும்பும் இடத்தில் ஒரே எண்ணை இரண்டு தடவை எடுத்துவிடுகிறேன். விடையைத் திறந்து பார்க்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது, அமுக்கினால் இந்தக் கணக்குக்கான புள்ளி கிடைக்காது, அவ்வளவுதான். அக்கா மகனுக்கும் தெரியப்போவதில்லை. இன்னும் அமுக்கவில்லை.