உண்ணிக்கு ப்ரவெக்டோ மாத்திரை, குடுத்து மூண்டு மாசம் ஆகப்போகுது

நம்மட வீடு கல்லடில, கடக்கரைப் பக்கம். நாய் ஒண்டு, பேர் மணி, ஆறு வயசு, 17 கிலோ. மாரி முடிஞ்சு வெயில் ஏற ஏற அவன்ட காதுக்குள்ள, விரல் இடுக்குக்குள்ள எல்லாம் உண்ணி. முதல்ல ஒரு கடைல பவுடர் வாங்கிப் போட்டம், ரெண்டு நாள் சரி, மறுகா அதே கதைதான். ஒரு நாள் ராவு சின்ன மகள் காது குத்துது எண்டு அழுதா, நாங்க குச்சி கிச்சி விட்டுக் குடையாம நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம், உள்ளுக்க ஒரு உண்ணி கடிச்சுப் பிடிச்சிக் கிடந்திரிக்கி, டொக்டர்தான் எடுத்துவிட்டார். அண்டைக்கு எனக்கு நித்திரையே வரல்ல.

விடிஞ்சதும் மணிய மிருக வைத்தியரிட்ட காட்டினம். அவர் முதல்ல பல்லு முரசு வெளிறி இரிக்கா எண்டுதான் பாத்தார். உண்ணிக் காய்ச்சல் எண்டா ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் இறங்கி சில நாய்க்கு மூக்கால ரத்தமும் வருமாம், நல்லகாலம் அது இல்ல. நிறை பாத்து 10 கிலோல இருந்து 20 கிலோ வரைக்கும் உள்ள ப்ரவெக்டோ எழுதித் தந்தார். சோத்தோட குடுக்கணும், ஒண்டு குடுத்தா 12 கிழமைக்கு. வலிப்பு வந்த நாய் எண்டா முதலே சொல்லிடணும், 8 கிழமைக்குக் குறைஞ்ச குட்டிக்கும் 2 கிலோவுக்குக் குறைஞ்சதுக்கும் குடுக்கக் கூடாது.

அடுத்த நாள் மணி படுக்கிற சாக்குல செத்த உண்ணி கொட்டிக் கிடந்திச்சு. ஆனா ஒண்டு விளங்கிக்கங்க, மருந்து ரத்தத்திலதான் இரிக்கி, உண்ணி கடிச்சாத்தான் சாகும், அதால நாய்ல ஒண்டு ரெண்டு ஊருறதப் பாத்திட்டு மாத்திரை சரியில்ல எண்டு சொல்லிடாதீங்க. நாங்களும் ரெண்டு கிழமையா அப்பிடித்தான் பயந்தம், சுவர்ல பொடி உண்ணி ஏறிக்கொண்டே இருந்திச்சு. இந்த நாய் உண்ணி ரத்தம் குடிச்சு ஊதினாப் பிறகு கீழ விழுந்து சுவர் வெடிப்புக்குள்ள போய் ஆயிரக்கணக்கா முட்டை இடுது, அத மாத்திரை என்ன செய்யும்? பின்விறாந்தைல இருந்த வெடிப்பெல்லாம் சீமெந்து வச்சு அடைச்சு, சாக்க எரிச்சு, கட்டிலுக்குக் கீழ ஒவ்வொரு நாளும் கூட்டி அள்ளினம். ரெண்டாம் மாசத்துக்குப் பிறகு வீட்டுக்குள்ள ஒண்டையும் காணல்ல.

இன்னொண்டு, உண்ணி பிடிச்சிருந்தா மண்ணெண்ணெய் பூசி நெருப்பு வச்செல்லாம் எடுக்காதீங்க, சின்னக் குறட்டால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, விரலால நசுக்க வேணாம். பூனை இருக்கிற வீடெண்டா நாய்ப் பவுடர் பூசமுதல் கட்டாயம் கேளுங்க, சில நாய்ப் பவுடர்ல இரிக்கிற பெர்மெத்ரின் எண்ட மருந்து பூனைக்கு விசம்.

விலை பவுடர விடக் கூடதான், எண்டாலும் புள்ளைட காத நினைச்சா எனக்கு அது பெரிசாத் தெரியல்ல. வாற வெள்ளி 12 கிழமை முடியுது. ரெண்டாவது மாத்திரை வாங்கமுதல் மணிய திருப்பி நிறுக்கணும், பொடியன் நல்லாக் கொழுத்திட்டான், 20 கிலோ தாண்டினா அடுத்த பெட்டிதான் வாங்கணும்.