முடக்குவாதம்: வலி மாத்திரையா, ஸ்டீராய்டா, வாரம் ஒருமுறை மாத்திரையா?

முடக்குவாதம் என்பது மூட்டுகள் வீங்கி அரிபடும் நோய் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்). இது உள்ளவர்களுக்குக் காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. குழாயைத் திருக முடியாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. அந்த இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் விடாது. எந்த மருந்துக்கு வலி உடனே கேட்கிறதோ, அப்போது அதுதான் நல்ல மருந்தாகத் தெரியும்.

அந்தக் கணக்கில் டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் தேறிவிடும். சில மணி நேரத்தில் வலி அடங்கும். ஆனால் உள்ளே மூட்டு அரிபடுவதை இவை தடுக்காது. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் கேடு. இதே வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் மாரடைப்பு அபாயத்தால் 2004-இல் சந்தையை விட்டே போனது.

ஸ்டீராய்டு இன்னும் பலசாலி. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டார்கள். சில நாளில் அவர் நடமாடத் தொடங்கினார். 1950-இல் அந்த ஆய்வுக்கு நோபல் பரிசே கிடைத்தது. பக்கவிளைவுகள் பின்னாலேயே வந்தன: சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கண்புரை வரும். நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பெயரில்லாத பொட்டலத்தில் தரும் மூட்டுவலிப் பொடி இரண்டே நாளில் அதிசயம் செய்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

என் ஓட்டு, வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கு. விலை குறைவு, நோயின் வேகத்தையே குறைக்கும், மூட்டைக் காப்பாற்றும். குறை என்னவென்றால், பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரமே "இது கேட்கலை" என்று தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் டாக்டர்கள் ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் கொஞ்ச காலம் தருகிறார்கள். அந்த வேலைக்கு அது சரியான மருந்துதான்.

வாரத்தில் ஒரே ஒரு நாள் என்பதில் மட்டும் விளையாடக் கூடாது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள். டாக்டர் சொன்னபடி ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை இரண்டும் கட்டாயம். மது கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். குமட்டினால் நிறுத்த வேண்டாம், ஊசியாகவும் கிடைக்கிறது.

இதுவும் போதாமல் போனால் அப்புறம் உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் பயாலஜிக் ஊசிகள் இருக்கின்றன. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் செலவு கையைக் கடிக்கும். உள்ளே காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள்.

ஒத்தடம் வெந்நீரா, ஐஸா? விறைத்த மூட்டுக்குச் சூடு. வீங்கிக் கொதிக்கிற மூட்டுக்கு, துணியில் சுற்றிய ஐஸ்.