16ஆம் நாள் மாத்திரைக்கு யார் காசு? காப்பீட்டு அட்டையும் அரசு ஆஸ்பத்திரியும்

போன வருஷம் எங்கள் சித்தப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்ததால் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டென்டுக்குப் பில் வரவில்லை, உயிரும் பிழைத்தது. ஆனால் அட்மிஷன் போடும்வரை எடுத்த பரிசோதனைகளுக்கும், "இதெல்லாம் பேக்கேஜில் வராது" என்று தனியாகக் கேட்ட தொகைக்கும் சித்தி வளையலை அடகு வைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு மாதா மாதம் மாத்திரைச் செலவு. அது இன்றுவரை நின்றபாடில்லை.

அரசு மருத்துவக் காப்பீட்டைப் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் எனக்கு இந்த மூன்று செலவும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அட்டை கட்டிய செலவு, கட்டாமல் விட்ட செலவு, எட்டிக்கூடப் பார்க்காத செலவு. அரசிடம் கூடுதலாக ஒரு ரூபாய் இருந்தால் அதைக் காப்பீட்டில் போடுவதா, அரசு ஆஸ்பத்திரியில் போடுவதா என்ற கேள்விக்கு இந்த மூன்றையும் வைத்துத்தான் பதில் தேட வேண்டும்.

முதலில் அட்டையின் பக்கம். 2007இல் ஆந்திராவில் முதல்வர் ராஜசேகர ரெட்டி, ஏழைகளுக்கு அரசு காசில் சிகிச்சை தரும் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தைத் தொடங்கினார். 2009இல் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் ஜெயலலிதா ஆட்சியில் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை என்று உயர்ந்தது. இதை அரசியல் விளம்பரம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பைபாஸ், டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை, காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி என்று, முன்பெல்லாம் நிலத்தை விற்றோ மனுவோடு அலைந்தோ பெற வேண்டியிருந்தவை கூலி வேலை செய்பவருக்கும் கிடைக்கின்றன. ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். அதோடு அரசு ஆஸ்பத்திரி கட்டி முடியும்வரை நோய் காத்திருக்காது. இருக்கிற தனியார் படுக்கையை அரசு காசில் இன்றைக்கே பயன்படுத்த முடிகிறது.

சரி, இதற்கு என்ன விலை கொடுக்கிறோம்?

நாம் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் காப்பீடு பேசும். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள் பரிசோதனையும் வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் பேக்கேஜில், அதாவது ஒரு சிகிச்சைக்கு என்று மொத்தமாகக் கட்டும் தொகையில், அடக்கம். 16ஆம் நாள் மாத்திரை நம் கைக்காசு. அட்மிஷன் இல்லாமல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் சாதாரண ஓ.பி. செலவு இதில் வரவே வராது. ஆனால் நம் வீடுகளில் கை கடிப்பது பெரும்பாலும் அந்த ஓ.பி.யும் மாத்திரையும்தான். இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து போடும் பங்கு 2013-14இல் 64 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. நல்ல செய்தி. ஆனாலும் 100 ரூபாயில் 39 ரூபாய் சிறு தொகை இல்லை.

இன்னொரு விலை, சிகிச்சை எந்தப் பக்கம் சாயும் என்பது. அறுவைக்குத்தான் பேக்கேஜ் என்றால், மாத்திரையில் சரியாக வேண்டியதும் அறுவைக்குப் போகும் ஆபத்து உண்டு. ஆயுஷ்மான் பாரத்துக்கு முன்பு மத்திய அரசு ஏழைகளுக்குக் கொடுத்த ஆர்.எஸ்.பி.ஒய். காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு வெறும் 30,000 ரூபாய்தான். அந்தத் தொகைக்கே சத்தீஸ்கரிலும் பீகாரிலும் ஏழைப் பெண்களின் கர்ப்பப்பையைத் தேவையில்லாமல் எடுத்தார்கள் என்று 2012 வாக்கில் பெரும் புகார் எழுந்தது. கண்காணிப்பும் எளிதில்லை. ஆயுஷ்மான் பாரத் பற்றிய 2023ஆம் ஆண்டு தணிக்கை அறிக்கை, ஒரே செல்போன் எண்ணில் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததைக் காட்டியது. எண் இல்லாதவர்களுக்கு ஏதோ ஒரு எண்ணைப் போட்டு வைத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப் பதிவானவரிடம் "உங்களுக்கு உண்மையிலேயே ஆபரேஷன் நடந்ததா?" என்று யார் எப்படிக் கூப்பிட்டுக் கேட்பது?

காப்பீட்டுக்குள்ளேயே இன்னொரு போட்டி இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரீமியம் கட்டுவது ஒரு வழி. அரசே ஒரு அறக்கட்டளை அல்லது முகமை வைத்து ஆஸ்பத்திரிகளுக்கு நேராகப் பணம் கொடுப்பது மற்றொன்று. கம்பெனி வழியில் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும், பில்லைத் துருவிப் பார்க்கவும் கம்பெனிக்கு ஆள் உண்டு. ஆனால் மறுக்கப்படும் ஒவ்வொரு கிளெய்மும் அதற்கு லாபம். அறக்கட்டளை வழியில் அந்த லாபம் கிடையாது. அதன் நோய் வேறு: கஜானாவில் பணம் இல்லையென்றால் பாக்கி ஏறும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஆரோக்கியஸ்ரீ நிலுவைக்காகத் தனியார் மருத்துவமனைகள் சேவையை நிறுத்துவதாக அறிவிப்பதும், அரசு ஓடிப் பேசுவதும் பலமுறை பார்த்ததுதான். கேரளம் கம்பெனியில் தொடங்கி 2020இல் அரசு முகமைக்கு மாறியது. இந்த இரண்டில் என் ஓட்டு அறக்கட்டளைக்கு. பாக்கி வைக்கும் அரசை ஊரறியத் திட்டலாம், அடுத்த தேர்தலில் கேட்கலாம். கம்பெனி கிளெய்மை மறுத்தால் அது ஒரு குடும்பத்தோடு முடிந்துபோகிற சங்கதி.

இனி அரசு ஆஸ்பத்திரியின் பக்கம். தமிழ்நாடு இதில் பெருமைப்படலாம், காரணமும் இருக்கிறது. 1990களின் நடுவில் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக, தரம் சோதித்து, மலிவாக வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம்வரை சேர்க்கிறது. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் சுகாதார நிலையங்களும், அங்கே இரவிலும் இருக்கும் செவிலியர்களும், கர்ப்பிணிகளுக்கான உதவித்தொகையும் சேர்ந்துதான் தாய் இறப்பைக் குறைத்தன. 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. இதைச் செய்தது அட்டை இல்லை. ஊருக்குப் பக்கத்தில் திறந்திருந்த கட்டடமும், அதில் சம்பளம் வாங்கி வேலை செய்த ஆட்களும்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் இந்த வரிசையில் வருவதுதான். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 16ஆம் நாள் மாத்திரைக்கு எனக்குத் தெரிந்த நேரான பதில் அதுதான்.

ஆனால் ஜி.ஹெச்.சில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்களிடம் போய் இதை மட்டும் சொல்ல முடியாது. ஓ.பி. சீட்டுக்கு வரிசை, ஸ்கேனுக்குத் தேதி, ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் இன்னொருவர். மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் இதய நிபுணர் கிடைப்பது கஷ்டம். என் சித்தி அன்றைக்கு ஆட்டோவைத் தனியார் மருத்துவமனைக்கு ஓட்டச் சொன்னது ஆடம்பரத்துக்காக இல்லை. பக்கத்து அரசு மருத்துவமனையில் அந்த ராத்திரி ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாய் அடைப்பைப் பார்க்கும் சோதனை) செய்ய ஆள் இருக்குமா என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டும் சந்திக்கிற ஓர் இடம் உண்டு, அதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அரசு மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் கிளெய்ம் போட்டுப் பணம் பெறலாம். அந்தப் பணத்தில் கருவி வாங்கலாம், வேலை செய்த குழுவுக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கலாம். அப்போது காப்பீட்டுப் பணம் அரசுப் படுக்கையை விட்டு வெளியே ஓடாமல் அங்கேயே திரும்புகிறது. தாய்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு முறை சிகிச்சைக்கு 30 பாட் (அந்த நாட்டு நாணயம்) மட்டும் வாங்கும் திட்டம் 2002இல் முழுமையாக வந்தபோது, மக்கள் தங்கள் பகுதி மருத்துவமனையில் பதிவு செய்துகொண்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று வரிப்பணம் அந்த மருத்துவமனைக்குப் போனது. ஓ.பி.யும் மருந்தும் அதற்குள்ளேயே. ஆளை நோயாளியாக்கி லாபம் பார்க்க அதில் வழி குறைவு. செலவுக்குப் பயந்து சிகிச்சையைக் குறைத்துவிடும் ஆபத்து அதிலும் உண்டு. ஆனால் அங்கே மாவட்ட மருத்துவமனைகளை அதற்கு முன்பே பலப்படுத்தியிருந்தார்கள், அதனால்தான் தாங்கியது.

செலவைப் பற்றிப் பேசும்போது யார் வெளியே நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மாநிலத் திட்டத்தின் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. தினம் 500 ரூபாய்க்கு மாதம் 25 நாள் வேலை செய்யும் ஒருவர் கணக்குப்படி இதைத் தாண்டிவிடுகிறார். வருமானச் சான்றிதழில் ஒரு எண்ணைக் குறைத்து எழுதி வாங்குவதுதான் அவருக்கு இருக்கும் வழி. உண்மையைச் சொன்னால் அட்டை கிடையாது என்ற நிலையில் ஒரு உழைப்பாளியை நிறுத்துவது எனக்கு வலிக்கிறது. அரசு ஆஸ்பத்திரி வாசலில் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. 2024 அக்டோபரில் 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் என்று மத்திய அரசு விரித்தது சரியான திசைதான். ஆனால் 70 வயதில் ஒருவருக்கு ஆபரேஷன் வாழ்க்கையில் ஒரு முறை வரலாம், மாத்திரை தினம் மூன்று வேளை.

ஆகவே அட்டையை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனசு வராது. இருக்கிற உயரத்தில் அது இருக்கட்டும். கூடுதலாக வரும் ரூபாயை மட்டும் அங்கே போடாமல், தாலுகா மருத்துவமனையில் ராத்திரி டியூட்டிக்கு ஒரு மருத்துவர், சுகாதார நிலையத்தில் இதய நோய் மாத்திரை, மாவட்ட மருத்துவமனையில் 24 மணி நேர ஆஞ்சியோ வசதி என்று போட வேண்டும். 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, அரசுச் செலவை 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்றது. 2021-22இல், அதுவும் கொரோனா செலவோடு, 1.84 சதவீதத்தில்தான் இருந்தோம்.

சித்தப்பா இப்போது பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் நான்கு மாத்திரைகளில் இரண்டை இலவசமாக வாங்குகிறார். மற்ற இரண்டும் மெடிக்கல் ஷாப்பில். வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.